வாசல் வரை வரத்தான் வேண்டுமா?

அன்புள்ள வாசகர்களுக்கு,

‘வீடு தேடி வந்து கொடுக்கிறோம்’ என்று சொல்லித்தான் ஆன்லைன் கடைகள் நம் வீட்டுக்குள் நுழைந்தன. சென்னையிலும் கோவையிலும் சொன்னபடி பெரும்பாலும் நடக்கிறது. பேரூர்களைத் தாண்டிய கிராமங்களில் கேட்டுப் பாருங்கள். வயலில் நிற்கும்போதோ பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்கும்போதோ ஒரு போன் வரும். “உங்களுக்கு ஒரு பார்சல் இருக்கு. ஊருக்குள்ள வண்டி வராது. பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஆபீஸ், சாயங்காலத்துக்குள்ள வந்து எடுத்துக்குங்க.” வாடிக்கையாளரும் பெட்ரோல் போட்டுக்கொண்டு போய் வாங்கி வருகிறார். கட்டிய டெலிவரிக் கட்டணம் மட்டும் திரும்பி வராது.

ஆக, ‘நாமே போய் வாங்கிக்கொள்வது’ என்ற ஏற்பாடு நம் ஊரில் ஏற்கெனவே இருக்கிறது. அதை யாரும் ஒப்புக்கொள்வதில்லை, அதற்குரிய சலுகையைக் கொடுப்பதில்லை, அவ்வளவுதான். ஆர்டர் போடும்போதே ‘வீட்டுக்கு வேண்டுமா, பக்கத்துக் கடையில் வாங்கிக்கொள்கிறீர்களா?’ என்று கேட்டு, இரண்டாவதைச் சொல்பவருக்குக் கட்டணத்தைக் குறைத்தால் என்ன? இந்த இதழில் உங்களோடு பேச நினைத்தது இதைத்தான்.

லாரி பார்சலில் பழகியவர்களுக்கு இது புதிய யோசனையாகவே தோன்றாது. புக்கிங் ஆபீஸில் மூட்டையை எடை போடும்போதே ‘டோர் டெலிவரியா, கோடவுன் டெலிவரியா?’ என்று கேட்டுவிடுவார்கள். கோடவுன் என்றால் செலவு குறைவு. லாரி ரசீதை (எல்.ஆர்.) காட்டி, ‘டூ பே’யாக வந்திருந்தால் வாடகையைக் கட்டி, சரக்கை எடுத்துக்கொள்ளலாம். ஆம்னி பஸ்ஸில் ஊரிலிருந்து அனுப்பும் அல்வாவும் முறுக்கும் விடியற்காலையில் பைபாஸ் ஓரத்தில் காத்திருப்பவர் கைக்குத்தான் வந்து சேர்கின்றன. இன்னும் பின்னால் போனால் தபால் துறையின் வி.பி.பி. இருக்கிறது. 1877இல் தொடங்கிய அந்த ஏற்பாட்டில், பொருள் கைக்கு வரும்போது பணம் கொடுத்தால் போதும். தபால்காரர் வரும் நேரத்தில் கையில் காசில்லாத புத்தகப் பிரியர்கள், பிறகு தபால் நிலையத்துக்கே போய்ப் பணம் கட்டிப் புத்தகத்தை வாங்கி வந்தார்கள். வீட்டில் கணக்குக் கேட்பவர்களின் கண்ணில் படாமல் புத்தகம் வாங்க அது வசதியாகவும் இருந்தது. பத்திரிகை நடத்துபவன் இதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

வீட்டு டெலிவரியில் உலகத்துக்கே பாடம் எடுத்த நாடு ஜப்பான். யமாட்டோ நிறுவனம் 1976இல் தொடங்கிய வீட்டுப் பார்சல் சேவை அங்கே அன்றாட வாழ்க்கையின் பகுதியாகிவிட்டது. ஆள் இல்லையென்றால் கதவில் ஒரு சீட்டு இருக்கும். போன் செய்து நேரம் சொன்னால் மறுபடியும் கொண்டுவருவார்கள், கூடுதல் கட்டணம் இல்லாமல். ஆன்லைன் வியாபாரம் பெருகியபோது இந்த மரியாதையே பாரமாகிவிட்டது. பார்சல்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று இப்படி இரண்டாம் முறையாக அலைந்தது. அந்த அலைச்சலுக்கு ஆண்டுக்குச் சுமார் 18 கோடி மணி நேரம் போகிறது, அது 90,000 ஓட்டுநர்களின் உழைப்புக்குச் சமம் என்று 2015இல் அந்நாட்டுப் போக்குவரத்து அமைச்சகம் கணக்குச் சொன்னது. பூட்டிய கதவுகளைப் பார்த்துத் திரும்புவதற்கு மட்டும் 90,000 பேர்!

2024 ஏப்ரலில் லாரி ஓட்டுநர்களின் கூடுதல் வேலை நேரத்துக்கு ஆண்டுக்கு 960 மணி நேரம் என்ற உச்சவரம்பு வந்தது. இருக்கிற ஆட்களை வீணாக அலைய விட முடியாத நிலை. அதற்குள் 12 சதவீதத்துக்கு இறங்கியிருந்த மறு டெலிவரியை 6 சதவீதமாகக் குறைக்க அரசு இலக்கு வைத்தது. வீட்டுக்குக் கேட்காமல் வேறு வழியைத் தேர்ந்தெடுப்பவர்களுக்குச் சலுகைப் புள்ளிகள் கொடுக்கவும் உதவியது. லாசன், ஃபேமிலிமார்ட் போன்ற தெருமுனைக் கடைகள் பல இரவும் பகலும் திறந்திருப்பதால், வேலை முடிந்து ரயில் நிலையத்திலிருந்து நடக்கிறவர் போகிற வழியில் பார்சலையும் எடுத்துக்கொள்கிறார்.

போலந்துக்காரர்கள் வேறு வழி பிடித்தார்கள். இன்போஸ்ட் என்ற நிறுவனம் 2009 முதல் தெருவோரத்தில் பெட்டகங்களை வைத்தது. கைபேசிக்கு வரும் எண்ணை அழுத்தினால் நம் பெட்டி மட்டும் திறக்கும். இன்று அந்த நாட்டில் மட்டும் 20,000க்கு மேல் இருக்கின்றன.

இங்கே பெட்டகத்தைவிடக் கடைதான் சரிப்படும் என்பது என் எண்ணம். ஒவ்வொரு தெருவிலும் ஒரு மளிகைக் கடை, ஒரு ஜெராக்ஸ் கடை, ஒரு மருந்துக் கடை இருக்கிறது. காலையிலிருந்து இரவு வரை ஆள் இருப்பார். நம் முகமும் அவருக்குத் தெரியும். அமேசான் 2015இல் ‘ஐ ஹேவ் ஸ்பேஸ்’ என்ற பெயரில் இந்தியாவில் சிறு கடைக்காரர்களைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. அவர்களைப் பெரும்பாலும் சுற்றுவட்டாரத்துக்குப் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கத்தான் பயன்படுத்தினார்கள். கல்லாவை விட்டுவிட்டு அவர் ஏன் அலைய வேண்டும்? நாம் போனால் பார்சலோடு கால் கிலோ பருப்பும் வாங்கி வருவோம். ஆன்லைனால் வியாபாரம் குறைந்தவருக்கு ஆன்லைனே கொஞ்சம் திருப்பித் தந்ததாக இருக்கும்.

ஆனால் கடைக்காரரின் நல்ல மனசை நம்பி மட்டும் இதை நடத்தக் கூடாது. பார்சலுக்கு இவ்வளவு என்று அவருக்குக் கூலி வேண்டும். பொருள் காணாமல் போனால் யார் பொறுப்பு என்பது முன்கூட்டியே எழுத்தில் இருக்க வேண்டும். திருப்பி அனுப்பும் பொருளையும் அங்கேயே வாங்கிக்கொள்ள வேண்டும். இடமும் முக்கியம். டாஸ்மாக் மதுக்கடை இருக்கும் சந்தில் வைத்துவிட்டு ‘பெண்கள் யாரும் வருவதில்லை’ என்று அறிக்கை எழுதுவதில் பயனில்லை. சரியான கடையாக இருந்தால் இதனால் அதிகம் நிம்மதி அடைவது தனியாக வசிக்கும் பெண்கள்தான். முகவரியையும் ‘எப்போது வீட்டில் இருப்பீர்கள்’ என்ற கேள்விக்கான பதிலையும் முன்பின் தெரியாதவரிடம் சொல்ல வேண்டியதில்லை.

வயதானவர்கள், மாற்றுத்திறனாளிகள், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் ஆகியோருக்கு வீட்டு டெலிவரி இருந்தே ஆக வேண்டும். ஃப்ரிட்ஜைக் கடையில் போய்த் தூக்கி வரச் சொல்லவும் முடியாது. இன்னொன்றும் உண்டு. ஒரு சட்டைக்காகத் தனியாகக் காரை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனால், வண்டிப் புகை குறையும் என்ற பேச்சுக்கே இடமில்லை. நடந்து போகிற தூரம், அல்லது போகிற வழி, இரண்டில் ஒன்றாக இருந்தால்தான் லாபம்.

பார்சல் கொண்டுவரும் தம்பிகளின் பிழைப்பு என்னாகும்? இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக எனக்கு மனமில்லை. வெயிலில் மூன்று மாடி ஏறி, ஓடிபிக்காகக் காத்து நின்று, ‘நாளைக்கு வாங்க’ என்ற பதிலோடு இறங்கும் அலைச்சல் மிச்சமாகும். அதே சமயம், நாற்பது பார்சலை ஒரே கடையில் இறக்கினால் நாற்பதுக்கும் கூலி கிடைக்குமா, ஒரு நடைக்கு மட்டுமா? லாபம் முழுவதையும் நிறுவனம் எடுத்துக்கொண்டால் இந்த ஏற்பாட்டை நான் ஆதரிக்க மாட்டேன். இணையம் சார்ந்த தொழிலாளர்களுக்காக 2023இல் தமிழ்நாடு அரசு அமைத்த நலவாரியம் இதைப் பேச ஏற்ற இடம்.

உங்கள் ஊர் நிலவரம் எங்களுக்குத் தெரிய வேண்டும். பார்சல் எதுவரை வருகிறது, நீங்கள் எவ்வளவு தூரம் போகிறீர்கள், மேற்கொண்டு காசு கேட்கிறார்களா, பொருளை வாங்கி வைத்துக் கொடுக்கும் கடைக்காரர் யாராவது இருக்கிறாரா என்று எழுதுங்கள். ஊர்ப் பெயரையும் பின்கோடையும் மறக்காமல் குறிப்பிடுங்கள். வரும் கடிதங்களைத் தொகுத்து வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்