நெடுந்தீவுக்குப் போக முன்னம் இதையும் ஒருக்கா வாசியுங்கள்



விடுமுறை வரப்போகிறது. கனடாவில் இருக்கும் எங்கள் பழைய மாணவி ஒருத்தி போன கிழமை பார்படோஸ் கடற்கரைப் படங்களை அனுப்பி, "ரீச்சர், ஊருக்கு வந்தால் பிள்ளைகளை எந்தத் தீவுக்குக் கூட்டிக்கொண்டு போகலாம்?" என்று கேட்டிருந்தாள். மருதனார்மடத்திலும் இரண்டு மூன்று குடும்பங்கள் வான் பிடித்து நெடுந்தீவு போகும் கதை நடக்கிறது. அதனால் நாங்கள் போய் வந்ததில் படித்ததை எல்லோருக்குமாக எழுதுகிறோம்.

முதலில் எங்கள் பிழையைச் சொல்கிறோம். ஒரு விடுமுறை நாளில் ஆசிரியர்களும் பிள்ளைகளுமாக இருபது பேர் வேளைக்கே குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போய், படகின் உள்பக்க வாங்குகளை எல்லாம் பிடித்துவிட்டோம். பாதிக் கடலில்தான் பார்த்தோம். ஆஸ்பத்திரியில் இருந்து துண்டு வெட்டி வந்த ஒரு தங்கச்சி, பிறந்து சில நாளேயான பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு மேல்தட்டில் வெயிலில் குந்தியிருந்தா. எங்கள் பிள்ளைகள் உள்ளே இருந்து றோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எழும்பி இடம் கொடுத்தோம்தான். ஆனால் அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

எங்களுக்கு அது சுற்றுலாப் படகு. அந்த மக்களுக்கு அதுதான் றோட்டு. புங்குடுதீவு வரைக்கும் தாம்போதி இருக்கிறது, பஸ் ஓடுகிறது. அங்கிருந்து நெடுந்தீவுக்குக் கடல்தான், ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். அங்கே படிப்பிக்கப் போகும் ஆசிரியர்கள், தாதிமார், கிளினிக் முடிந்து திரும்பும் வயோதிபர் எல்லோரும் அதே படகில்தான் போக வேண்டும். ஆகவே எங்கள் கருத்து இதுதான்: தீவாருக்கு முதலிடம், எங்களுக்கு மிச்சம். பெரிய கூட்டமாகப் போவதென்றால் முதலே பேசித் தனிப்படகு ஒழுங்கு செய்யுங்கள். நீண்ட விடுமுறை நாட்களையும் போயா நாட்களையும் தவிர்த்தால் எல்லோருக்கும் நல்லது.

இரண்டாவது, உயிர்காப்பு அங்கி. "கொஞ்சத் தூரம்தானே" என்று கழற்றி வைக்காதீர்கள். பிள்ளைக்கு அளவான அங்கி இல்லை என்றால் ஏற வேண்டாம். படகில் ஆட்கள் கூடிவிட்டால் இறங்கி அடுத்ததற்கு நில்லுங்கள். ஒரு நாள் பயணம் தவறினால் இன்னொரு நாள் போகலாம்.

மூன்றாவது, காற்று. கார்த்திகை, மார்கழியில் வாடை. ஆனி, ஆடியில் சோழகம். இரண்டிலும் கடல் கொந்தளிக்கும். மாசி முதல் சித்திரை வரை பெரும்பாலும் அமைதி. படகு நேரத்தை முதல்நாளே விசாரியுங்கள். பின்னேரப் படகைத் தவறவிட்டால் அன்றைக்குத் தீவில்தான் படுக்கை. சத்தி வருகிறவர்கள் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள். சின்னக் குழந்தைகளோடு கடல் பார்க்கத்தான் ஆசை என்றால் வேலணைச் சாட்டிக் கடற்கரை போதும், படகே தேவையில்லை. நயினாதீவுக்கும் கடற்பயணம் குறைவு. அங்கே நாகபூசணி அம்மன் கோயிலும் நாகவிகாரையும் பள்ளிவாசலும் ஒரே தீவில் இருப்பதைப் பிள்ளைகள் கண்ணால் காணட்டும். ஆனால் ஆனித் திருவிழா நாட்களில் கூட்டம் நெரியும்.

நான்காவது, தண்ணீர். நெடுந்தீவில் பல கிணறுகள் உவர். வறட்சி வந்தால் அங்குள்ள குதிரைகளே தண்ணீர் இல்லாமல் செத்துப்போகின்றன. எனவே உங்கள் தண்ணீரைக் கொண்டுபோங்கள், வெறும் போத்தலையும் சொப்பிங் பையையும் திருப்பிக் கொண்டுவாருங்கள். குதிரைகளைத் துரத்திப் படம் எடுக்காதீர்கள், பிஸ்கட் போடாதீர்கள். ஒல்லாந்தர் கோட்டையும் மதில்களும் முருகைக்கல்லில் கட்டியவை. ஞாபகத்துக்கென்று ஒரு துண்டும் பெயர்க்க வேண்டாம். அரபு வணிகர் கொண்டுவந்ததாகச் சொல்லும் பெருக்க மரத்தில் பெயர் வெட்ட வேண்டாம்.

சாப்பாடு வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போவது எங்கள் வழக்கம். ஆனாலும் தேத்தண்ணியையாவது அங்கே குடியுங்கள், அங்குள்ள ஓட்டோவையே பிடியுங்கள். வாடகையை ஏற முன்னமே பேசிக்கொண்டால் பிறகு வாய்த்தர்க்கம் வராது. நாலு காசு அந்த மண்ணில் தங்கட்டும்.

கடைசியாக ஒன்று. மாவிலித்துறையில் இறங்கியதும் செல்ஃபிக்கு ஓடாமல் ஒரு நிமிடம் நில்லுங்கள். 1985 மே 15 அன்று குமுதினிப் படகில் போன மக்கள் நடுக்கடலில் கொல்லப்பட்டார்கள். குழந்தையும் இருந்தது, பெண்களும் இருந்தார்கள். அவர்களும் எங்களைப் போலப் படகேறிப் போனவர்கள்தான். பிள்ளைகளுக்கு அதைச் சொல்லுங்கள்.

1990 இல் ஊரைவிட்டுப் போக வைக்கப்பட்டு, புத்தளத்தில் வளர்ந்து திரும்பி வந்தவர்கள் நாங்கள். வீட்டுக்குப் போகும் வழி ஒருவருக்கு எவ்வளவு பெரிது என்று எங்களுக்குத் தெரியும். நெடுந்தீவாருக்கு அந்த வழி ஒரு படகுதான். அதில் நாங்கள் விருந்தாளிகள். விருந்தாளியாகவே ஏறுவோம், விருந்தாளியாகவே இறங்குவோம்.

போகப்போகிற ஆட்களுக்கு இதைக் காட்டுங்கள். பத்திரமாகப் போய் வாருங்கள்.