முதுமையை ஆராய இளைஞர் வேண்டும்!

சட்டத்தரணியிடம் வரும் முதியவர்களிற் பலர் ஒரே கேள்வியோடு வருகின்றனர். காணியைப் பிள்ளைக்கு நன்கொடையாக எழுதிக் கொடுத்தால், சீவிய உரித்தைத் தமக்கென ஒதுக்கிக்கொள்ளலாமா என்பதே அக்கேள்வி. ஒதுக்கிக்கொள்ளலாம். இந்நாட்டின் சட்டம் அதற்கு இடமளிக்கிறது. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. 60 வயதை எட்டியவரை அது முதியவர் என்கிறது. பெற்றாரைப் புறக்கணிக்கலாகாது எனப் பிள்ளைகளைப் பணிக்கிறது.

ஆனால், 60 வயதிலும் மண்வெட்டி பிடித்து வரம்பு கட்டும் கமக்காரர் ஒருவரும், அதே வயதில் நாலு படி ஏற மூச்சு வாங்கும் அவருடைய அயலவரும் ஒரே உறுதிக்குச் சாட்சிகளாக என் முன் அமர்ந்திருக்கின்றனர். சட்டத்தின் கண்ணில் இருவருக்கும் ஒரே வயது. உடல் மட்டும் ஏன் அத்தீர்ப்பை ஏற்க மறுக்கிறது? இதற்கு விடை சட்டப் புத்தகத்தில் இல்லை. மூப்பின் உயிரியல் என்னும் விஞ்ஞானமே அவ்விடையைத் தேடி வருகிறது.

அதைத் தேடுவோர் யார்? ஆய்வுகூடங்களில் இராப் பகலாகக் கையால் வேலை செய்வோர் பெரும்பாலும் இருபதுகளில் உள்ள மாணவர்கள். முதுமையின் இரகசியம் இளைஞரின் உழைப்பினாலேயே வெளிப்பட வேண்டியிருக்கிறது. ஆகவே, முதியோருக்குக் கொடுப்பனவு வழங்குவதோடு தன் கடமை முடிந்ததென ஒரு நாடு இருந்துவிட முடியாது. மூப்பை ஆராயும் மாணவரை உருவாக்குவதும் அதன் கடமையே. இதுவே என் வாதம். வாதத்துக்குச் சான்றுகள் வேண்டுமல்லவா? இதோ, தருகிறேன்.

1984ஆம் ஆண்டு நத்தார் தினம். கலிபோர்ணியாவின் பேர்க்லிப் பல்கலைக்கழகத்தில் கரோல் கிரைடர் என்னும் 23 வயது மாணவி ஆய்வுகூடத்துக்குச் சென்று தம் பரிசோதனையின் முடிவைப் பார்த்தார். குளத்து நீரில் வாழும் ஒரு கலத்து உயிரொன்றில், நிறமூர்த்தங்களின் முனைகளை நீட்டிக் கொடுக்கும் நொதியம் ஒன்றின் அடையாளம் அதில் தெரிந்தது. அம்முனைகள் தேய்வதற்கும் மனிதக் கலங்கள் மூப்படைவதற்கும் உள்ள தொடர்பு 1990இல் வெளியாயிற்று. 2009இல் அவருக்கும், அவருடைய ஆசிரியை எலிசபெத் பிளாக்பர்னுக்கும், ஜாக் சொஸ்டாக்குக்கும் நொபெல் பரிசு கிடைத்தது. இந்த மாணவி பட்டப்பின் படிப்புக்கு விண்ணப்பித்தபோது, தேர்வுப் புள்ளிகள் குறைவென்று பல பல்கலைக்கழகங்கள் அவரை ஏற்கவில்லை. புள்ளியை மட்டும் தராசில் வைத்து மாணவரை நிறுப்போர் இதைச் சிந்திப்பார்களாக!

இரண்டாவது சான்று, மாணவருக்கு எதைக் கற்பிக்க வேண்டும் என்பதைப் பற்றியது. நொபெல் பரிசு பெற்ற அலெக்சிஸ் கரெல் 1912இல் கோழிக் குஞ்சின் இதயத்திலிருந்து எடுத்த கலங்களை நியூயோர்க்கில் வளர்க்கத் தொடங்கினார். அவை முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தன என்று கூறப்பட்டது. தனிக் கலத்துக்குச் சாவில்லை என்பது அதன்பின் வேதவாக்காயிற்று. தம் கலங்கள் செத்தபோதெல்லாம் ஆராய்ச்சியாளர் தம் கைத்திறனையே குறை கூறிக்கொண்டனர். 1961இல் லெனாட் ஹேய்பிளிக், போல் மூர்ஹெட் என்னும் இருவர், மனிதனின் சாதாரணக் கலங்கள் ஏறத்தாழ 50 தடவை பிரிந்தபின் நின்றுவிடுகின்றன என்று காட்டினர். அக்கட்டுரையை முதலில் பெற்ற சஞ்சிகை அதை ஏற்க மறுத்தது. பெரியவர் சொன்னார் என்பது சான்றாகாது என்பது நீதிமன்றத்தில் நாம் அறிந்த விதி. ஆய்வுகூடத்திலும் அதுவே விதி. ஆசிரியரை மதிக்கவும் வேண்டும், அவர் கூற்றைக் குறுக்கு விசாரணை செய்யவும் வேண்டும். இவ்விரண்டையும் ஒருங்கே கற்பிப்பதே பட்டப்பின் பயிற்சியின் உயிர்நாடி.

மூன்றாவது, காலம். ஆய்வுகூடத்து உருளைப்புழு இரண்டு, மூன்று வாரங்களில் வாழ்ந்து முடிந்துவிடும். 1993இல் சிந்தியா கென்யனின் குழுவினர் ஒரேயொரு மரபணுவின் மாற்றத்தால் அப்புழுவின் ஆயுள் இருமடங்குக்கு மேல் நீள்வதைக் கண்டனர். இத்தகைய பரிசோதனையை ஒரு மாணவர் பல தடவை செய்து பார்க்கலாம். சுண்டெலியோ இரண்டு, மூன்று ஆண்டுகள் வாழும். நாலைந்து ஆண்டுக் கலாநிதிப் படிப்பில் அத்தகைய பரிசோதனை ஒன்று முடிவதே பெரும் பாடு. உதவிப்பணம் இடையில் நின்றால் எலியும் போயிற்று, படிப்பும் போயிற்று! மனிதரின் மூப்பை ஆராய்வதற்கோ ஒரு தலைமுறை போதாது. அமெரிக்காவின் போல்ற்றிமோரில் 1958இல் தொடங்கிய ஆய்வு, அதே மனிதரை ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்ந்து, ஒரு தலைமுறை ஆராய்ச்சியாளரிடமிருந்து அடுத்த தலைமுறையின் கைக்கு மாறி வந்துள்ளது.

இதை உணர்ந்தே அந்நாடு 1974இல் மூப்புக்கெனத் தேசிய நிறுவகம் ஒன்றை அமைத்தது. மாணவரைப் பயிற்றுவதற்கென்றே அது பல்கலைக்கழகங்களுக்கு மானியம் வழங்கி வந்துள்ளது. தென் கலிபோர்ணியப் பல்கலைக்கழகமும் பக் நிறுவகமும் சேர்ந்து மூப்பின் உயிரியலுக்கெனக் கலாநிதிப் பட்டப்படிப்பொன்றையே நிறுவின.

"செல்வந்த நாட்டின் விளையாட்டு, நமக்கு ஏன்?" என்று சிலர் கேட்பர். நம் வயல்களில் விதைக்கப்படும் பிஜி இன நெல்லைக் கேளுங்கள், அது பதில் சொல்லும். அது பத்தலகொட ஆராய்ச்சி நிலையத்தில், இந்நாட்டு மண்ணுக்கும் மழைக்கும் ஏற்றவாறு உருவாக்கப்பட்டது. பிறநாட்டு வயலுக்கென உருவான விதை இங்கே அப்படியே விளைந்துவிடுமென்று எந்தக் கமக்காரரும் நம்பார். அவ்வாறிருக்க, பிறநாட்டார் உடலைப் பார்த்து எழுதிய மூப்பின் கணக்கு, வெயிலில் உழைத்து, சோறும் ஒடியலும் உண்டு, போரையும் இடம்பெயர்வையும் கடந்து வந்த நம் முதியவருக்கு அட்சரம் பிசகாமல் பொருந்தும் என்று மட்டும் எப்படி நம்புவது?

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் நூற்றுக்கு 12.4 பேர். 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் படித்த இளைஞர் பலர் நாட்டை விட்டுச் சென்றனர். முதியோர் தங்க, அவர்களை ஆராயத்தக்கவர் வெளியேறுகின்றனர். இது வெறும் கல்விப் பிரச்சினையன்று, அரசியற் பிரச்சினை.

நாம் கேட்க வேண்டியவை மூன்று. முதலாவது, ஆய்வு மாணவருக்கு இடையில் அறாத, வாழ்க்கைக்குப் போதுமான உதவிப்பணம். இரண்டாவது, துறைகளிடையே கூட்டுப் பயிற்சி. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் யாழ்ப்பாணத்திலும் விவசாய பீடம் கிளிநொச்சியிலும் இருக்கின்றன. நோயாளியை அறிந்தவரும் புழு பூச்சியை அறிந்தவரும் ஒரே மாணவருக்கு ஆசிரியராகட்டும். மூன்றாவது, நம் கிராமங்களின் முதியவர்களை அவர்களுடைய சம்மதத்தோடு ஆண்டுதோறும் பரிசோதித்து, மாணவர் வழி மாணவராகக் காத்து வரத்தக்க ஒரு பதிவேடு. அதைத் தொடங்க மாளிகை வேண்டியதில்லை. மனமும் ஒழுங்கும் போதும்.

இதனாற் சாவு ஒழியும் என்று நான் கூறவில்லை. அவ்வாறு கூறி மருந்து விற்போரை இனங்காட்டுவதற்கும் பயின்ற இளைஞரே வேண்டும்.

தென்னை வைத்தவன் தின்று சாவான், பனை வைத்தவன் பார்த்துச் சாவான் என்பர் நம் முன்னோர். அப்படியிருந்தும் அவர்கள் பனை நட்டனர். அதனால் நாம் உண்டோம். இன்று நட வேண்டிய பனை இந்த மாணவர்கள். நடுவோமா?