துவாலுவுக்குத் தீர்க்க வேண்டிய கடன்

அமைதிப் பெருங்கடலின் நடுவே 9 சிறு தீவுகளில் வாழும் துவாலு மக்கள் ஏறத்தாழ 10,000 பேரே. உலகை வெதுப்பும் கரிப்புகையில் அவர்தம் பங்கு துகளளவும் இல்லை. ஆயினும், உயரும் கடல் அவர்தம் தாழ்நிலத்தின்மீது ஏறுகிறது. பேரோதக் காலங்களில் பவளத்தரையின் அடியிலிருந்தே உப்புநீர் பொங்குகிறது. வழிவழியாய் உணவூட்டிய சேம்புக் குழிகள் உப்பேறிப் பாழாகின்றன.

2023-இல் ஆத்திரேலியா அவர்களோடு ஓர் உடன்படிக்கை செய்தது. ஆண்டுக்கு 280 பேர் அங்குக் குடியேறலாம். கரை காக்கப் பொருளுதவியும் உண்டு. உடன்படிக்கையின் பெயரோ அயலாரைப் பேணுதலைக் குறிக்கும் துவாலுச் சொல்! நிலக்கரியை மலைமலையாய் விற்கும் கையே அடைக்கலமும் நீட்டுகிறது. கதவு திறந்திருப்பது நன்றே. ஆனால், குடிபெயர்த்தல் நிலங்காத்தல் ஆகுமா? சிதறிய சிறுகுடியின் மொழி எத்தனை தலைமுறை நிற்கும்?

துவாலுவர் சோர்ந்திலர். தலைத்தீவாம் புனாபுட்டியில், அனைத்துலகப் பொருள்துணையோடு, கடல்மணலை வாரிக் கொட்டி 17 ஏக்கருக்கு மேல் மேட்டுநிலம் ஆக்கியுள்ளனர். கடல் எதைக் கொண்டாலும் தம் நாடு என்றும் நாடே எனத் தம் அரசியலமைப்பில் 2023-இல் பொறித்தனர்.

அம்மேட்டை ஒன்பது தீவுக்கும் விரிக்கும் பொருளைப் புகைபரப்பிய நாடுகளே ஈதல் வேண்டும். அதனைக் கொடை என்பது பிழை. பட்ட கடன் என்பதே அறம்!