அக்கரை வீதியும் காரின் விளக்கும்

இங்கிலாந்திலே வாழும் நம்மவர் பலருக்கு ஆங்கிலக் கால்வாய் இன்று ஒரு சிற்றாறு போல ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமை மாலை வேலை முடிந்ததும் இலண்டனிலே குடும்பத்தைக் காரில் ஏற்றிக்கொண்டு புறப்படுகின்றனர். டோவர்த் துறையிலே காரோடு கப்பலேறுவோர் சிலர். 1994ஆம் ஆண்டு திறக்கப்பட்ட கடலடிச் சுரங்கத்தின் வழியாகக் காரோடு புகையிரதத்தில் ஏறுவோர் சிலர். எவ்வாறாயினும் நள்ளிரவளவில் பிரான்சு தேசத்து வீதியிலே ஓடிக்கொண்டிருப்பர். பாரிசிலே விநாயகர் தேர், சுவிற்சர்லாந்திலே பூப்புனித நீராட்டு விழா, ஜேர்மனியிலே கலியாணம் என்று பயணத்துக்குக் காரணங்களும் குறைவில்லை. கடவுச்சீட்டு, காப்புறுதிப் பத்திரம், பிள்ளைகளுக்குக் கட்டுச்சோறு யாவும் ஆயத்தமாகும். “அக்கரையில் வலப்பக்கமாக ஓட்டவேண்டும், கவனம்” என்ற எச்சரிக்கையும் வீட்டு மூத்தோர் வாயிலிருந்து தவறாமற் பிறக்கும். காரின் முன்விளக்கைப் பற்றி மட்டும் எவரும் வாய் திறப்பதில்லை.

விளக்கு இரு பக்கமும் ஒன்றுபோலத்தானே ஒளி வீசுகிறது, வீதியின் எப்பக்கத்திற் போனால் என்ன என்று வினவத் தோன்றும். ஒன்றுபோல வீசுவதில்லை என்பதே செய்தி. நெடுந்தூரம் பாயும் ஒளி ஏறத்தாழ இரு பக்கமும் சமமானதுதான். ஆனால், எதிரே வண்டி வரும்போது நம் சாரதிகள் ‘டிம்’ என்று சொல்லி இறக்கும் தாழ்வொளி அத்தகையதன்று. இடப்பக்கமாக ஓடும் நாட்டுக்கெனச் செய்த விளக்கிலே, அவ்வொளியின் வலப்பாதி எதிரே வருவோர் கண்ணிற் படாதவாறு தாழ்ந்தே நிற்கும். இடப்பாதியோ சற்று மேலேறி, வீதியோரம் நடந்து செல்பவரையும், சைக்கிளிற் போகும் மாணவனையும், ஊர்ப்பெயர்ப் பலகையையும் தொலைவிலிருந்தே காட்டும். வலப்பக்கமாக ஓடும் நாட்டு விளக்கில் இவை இடமாறியிருக்கும். இவ்வாறு ஒரு பாதி தாழ்ந்து மறு பாதி உயர்ந்த ஒளி ஐரோப்பாவிலே 1957ஆம் ஆண்டு தொடக்கம் வழக்குக்கு வந்தது. அதற்கு முந்திய முறைகள் வேடிக்கையானவை. 1930களிலே வெளிவந்த பிரித்தானியக் கார்கள் சிலவற்றில், சாரதி ஒளியைத் தாழ்த்தினால் ஒரு விளக்கு முற்றாக அணைந்துவிடும். மற்றையது வீதியோரம் நோக்கித் தலை குனியும். எதிரே வருபவருக்கு அது காரா மோட்டார் சைக்கிளா என்ற ஐயம் தோன்றியிருந்தால் அவர்மேற் குற்றமில்லை.

இனி, இடப்பக்க நாட்டுக் கார் கலே துறையில் இறங்கி வலப்பக்கமாக ஓடத் தொடங்குகிறது என்று கொள்வோம. எதிரே வருவோர் இப்பொழுது இடப்பக்கத்தில் இருக்கிறார்கள். விளக்கின் உயர்ந்த பாதியும் இடப்பக்கத்திலேயே இருக்கிறது. ஆகவே, வீதியோரத்தைக் காட்ட வேண்டிய ஒளி நேராக எதிர்ச்சாரதியின் கண்ணிலே சென்று விழும். வீதியோரமாக நடந்து செல்பவர் இருக்கும் வலப்பக்கமோ, தாழ்ந்த ஒளியின் மங்கலிற் கிடக்கும். ஒரே விளக்கு ஒருவரைக் கூசச் செய்து, மற்றொருவரை இருளில் மறைக்கிறது. மணிக்கு 90 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் வண்டி ஒரு செக்கனில் 25 மீற்றர் கடக்கும் என்பதைக் கணக்குப் படித்த பிள்ளைகள் உடனே சொல்வர். கண்கூசியவர் மூன்று செக்கன் தடுமாறினாரானால், 75 மீற்றர் தூரம் அவருடைய வண்டி கண்ணில்லாமல் ஓடியது என்றே கொள்ள வேண்டும். வயது ஏற ஏற, கூச்சத்திலிருந்து கண் தெளிவதற்குச் செல்லும் நேரமும் ஏறும்.

இதிலே நாம் மிகவும் அஞ்சுவது ஒன்றுண்டு. தவறான ஒளியோடு செல்பவருக்குத் தவறு தெரிவதில்லை. அவருடைய கண்ணுக்கு முன்னால் வீதி வெளிச்சமாகவே கிடக்கிறது. கூசுவது பிறர் கண். எதிரே வருவோர் அடுத்தடுத்துத் தம் விளக்கைச் சிமிட்டிக் காட்டும்போது, அந்நாட்டார் விருந்தினரை வரவேற்கும் முறை அதுபோலும் என்று எண்ணிக்கொண்டு, பதிலுக்குத் தாமும் சிமிட்டிவிட்டுச் செல்பவரும் இருக்கலாம். மார்கழி மாதத்திலே இலண்டனிற் பிற்பகல் நான்கு மணிக்கு முன்னரே பொழுது சாய்ந்துவிடும். விடுமுறைப் பயணங்கள் பலவும் அந்த மாதத்திலேயே நிகழ்கின்றன. எனவே, ‘பகலிலேதானே போகிறோம்’ என்ற சமாதானமும் அங்கே பொருந்தாது.

இதற்குப் பரிகாரம் என்ன? அது விளக்கின் உள்ளமைப்பைப் பொறுத்தது. பழைய வகையிலிருந்து தொடங்குவோம். அவ்வகை மின்குமிழினுள்ளே தாழ்வொளி தரும் இழையின் கீழே சிறியதோர் உலோகக் கிண்ணம் இருக்கும். அது கீழ்நோக்கிச் செல்லும் ஒளியைத் தடுத்துவிடுவதால், பின்னாலுள்ள ஆடியின் மேற்பாதியில் மட்டுமே ஒளி பட்டு, தெறித்து, வீதியை நோக்கித் தாழ்ந்து செல்லும். அக்கிண்ணத்தின் ஒரு பக்க விளிம்பை மட்டும் 15 பாகை சரிவாகத் தாழ்த்தி வெட்டியிருப்பார்கள். அவ்வெட்டின் வழியே தப்பிச் செல்லும் ஒளியே வீதியோரத்தில் மேலேறும் ஆப்பு வடிவான ஒளி. முன்கண்ணாடியின் எந்த இடத்தினூடாக அவ்வொளி வெளியேறுகிறதோ அந்த இடத்தைக் கறுப்பு ஒட்டுநாடாவினால் மறைத்துவிட்டால், தொல்லை தீர்ந்தது. வீதியோர வெளிச்சம் சற்றுக் குறையும்; எதிரே வருபவர் தப்புவார். சில விளக்குகளில் மின்குமிழையே சிறிது திருப்பி மாட்டி, ஆப்பை மறுபக்கம் கொண்டுபோக இடம் வைத்திருந்தார்கள். இன்று கடைகளிலும் கப்பல்களிலும் விற்கப்படும் ஒட்டுத்தாள்கள் சிலவற்றிலே நுண்ணிய அரியங்கள் வரிவரியாக அமைந்திருக்கின்றன. அவை ஒளியை மறைப்பதற்குப் பதிலாக முறித்துத் திசை திருப்புகின்றன.

கண்ணாடியோடு நிறமும் சேர்ந்த காலம் ஒன்று இருந்தது. பிரான்சு தேசத்தார் 1930களின் பிற்பகுதி தொடக்கம் 1993 வரையில் தம் நாட்டுக் கார்களுக்கு மஞ்சள் விளக்கையே விதித்திருந்தனர். இங்கிலாந்திலிருந்து செல்வோருக்கு அது கட்டாயமன்று. எனினும் உள்ளூராரைப் புண்படுத்த விரும்பாத பயணிகள் விளக்கிலே மஞ்சட் பூச்சுப் பூசியும், மஞ்சள் மூடி மாட்டியும் போனதுண்டு. நிறத்தைக் கவனித்த அளவுக்குப் பக்கத்தைக் கவனித்தார்களா என்பது வேறு கேள்வி.

புதிய வகை விளக்கிலே முன்புறம் ஒரு தடித்த குவிவில்லை உருண்டைக் கண்போலத் தெரியும். இதற்கும் கறுப்பு நாடா ஒட்டினாற் போதும் என்று சொல்வோர் உளர். உயர்தர வகுப்பிலே பௌதிகம் பயிலும் மாணாக்கரிடம் நாம் ஒரு பழைய கேள்வியைக் கேட்பதுண்டு: குவிவில்லையின் பாதியைக் கறுப்புத் தாளால் மூடினால் விம்பத்தின் பாதி மறையுமா? ‘மறையும்’ என்று வகுப்பிற் பெரும்பாலோர் சொல்வர். மறையாது. பொருளின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் புறப்படும் கதிர்கள் வில்லை முழுவதிலும் விழுகின்றன. பாதி வில்லை மூடப்பட்டாலும் மற்றப் பாதி முழு விம்பத்தையும் ஆக்கிவிடும். பிரகாசம் மட்டுமே குறையும். இவ்விளக்கிலே வீதியில் விழும் ஒளியின் மேல்விளிம்பு என்பது, வில்லைக்குப் பின்னால் நிற்கும் ஓர் உலோகத் தகட்டின் விளிம்பினது தலைகீழான விம்பமேயாகும். ஆகையால் நாடா ஒட்டுவதால் ஒளி மங்குமேயன்றி, அவ்விளிம்பின் வடிவம் மாறாது. தகட்டையே மாற்ற வேண்டும். அதற்கென்றே விளக்கின் பின்புறத்தில் சிறியதொரு நெம்பை வைத்திருக்கிறார்கள், சில கார்களில். வேறு சிலவற்றிலே சாரதிக்கு முன்னுள்ள திரையில் ஓர் ஆணையைத் தெரிவு செய்தால், ஒளி இரு பக்கமும் சமமாகத் தாழ்ந்துவிடும். எல்.ஈ.டி. விளக்குடைய மிகப் புதிய வண்டிகள் சில, தாம் எந்நாட்டில் நிற்கின்றன என்பதைச் செய்மதி வழியாக அறிந்து தாமாகவே மாறிக்கொள்கின்றன. ஒன்றுமே செய்யத் தேவையில்லாத விளக்குகளும் உண்டு.

தம் கார் இவற்றுள் எவ்வகையது என்று அறியும் வழி, அதன் கைந்நூலைப் பார்ப்பதே. ஆனால் அந்நூல்களை எழுதுவோர்மேல் நமக்கு ஒரு மனக்குறை உண்டு. இருக்கையைச் சூடாக்கும் வித்தையைப் பத்துப் பக்கத்தில் விரிப்பவர்கள், பிறருடைய கண்ணைக் காக்கும் இச்சிறு செய்தியை எங்கோ ஒரு மூலையில் இரண்டு வரியில் ஒளித்து வைக்கிறார்கள். விளக்கை ஏற்றி இறக்கும் சிறு சக்கரத்தைச் சாரதி அருகிலே காணலாம். அதனைச் சுழற்றி ஒளியை இறக்கிவிட்டால் முடிந்தது என்றும் சிலர் எண்ணுகின்றனர். முழு ஒளியும் தாழ்வதால் கூச்சம் ஓரளவு குறையும் என்பது மெய்தான். சாய்வின் பக்கம் மாறாதிருக்க, தம் பார்வைத் தூரத்தையும் இழந்ததே மிச்சம்.

ஒருவருடைய காருக்கே இத்தனை பாடு என்றால், ஒரு தேசம் முழுவதும் ஒரே இரவிற் பக்கம் மாறியபோது என்ன செய்திருப்பார்கள்? சுவீடன் அதனைச் செய்து காட்டியது. அந்நாட்டார் இடப்பக்கமாக ஓட்டி வந்தவர்கள். அயல் நாடுகளோ வலப்பக்கம். 1955ஆம் ஆண்டு மக்களிடம் வாக்குக் கேட்டபோது நூற்றுக்கு 83 பேர் அளவில் மாற்றம் வேண்டாம் என்றனர். எனினும் 1963இல் பாராளுமன்றம் மாற்றத்துக்கே தீர்மானித்தது. 1967 செப்டெம்பர் 3ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை அதிகாலை 4.50க்கு வீதியிலிருந்த வண்டிகள் யாவும் நின்றன. மெல்ல வலப்பக்கத்துக்கு மாறி மீண்டும் நின்றன. 5 மணிக்குப் புறப்பட்டன. ஏறத்தாழ 3,60,000 வீதிப் பலகைகள் மாற்றப்பட்டன என்பதைப் பலரும் எழுதியுள்ளனர். விளக்குகளின் கதையை எழுதியவர் குறைவு.

நாட்டிலுள்ள கார்களின் விளக்கையெல்லாம் ஒரே இரவில் மாற்ற எவராலும் இயலாது. முன்னதாகவே வலப்பக்க விளக்கைப் பூட்டினாலோ, அதுவரை எதிரே வருவோரின் கண் கூசும். ஆகவே, புதிய விளக்கின் கண்ணாடியில் மேலேறும் ஒளிக்குரிய பகுதியை ஓர் ஒட்டுத்தாளால் மறைத்தே வண்டியிற் பூட்டினார்கள். குறித்த திகதிக்கு முன் அதனை அகற்றலாகாது என்று அத்தாளிலேயே அச்சிட்டிருந்தது. அந்நாள் வந்ததும் தாளை உரித்தெறிந்தால் விளக்கு ஆயத்தம். அன்றைய கார்களிற் பெரும்பாலானவற்றுக்கு ஒரே அளவான, மலிவான வட்ட விளக்குகளே இருந்தன. ஒவ்வொரு காருக்கும் தனித்தனி வடிவில் விளக்குச் செய்யும் வழக்கம் அப்போதுதான் ஐரோப்பாவிலே தலைகாட்டியது. இன்னும் சில ஆண்டு தாமதித்திருந்தால் செலவு பன்மடங்காகியிருக்கும். மாற்றத்தை அவ்வேளையிற் செய்ததற்கு அதுவும் ஒரு காரணமாயிற்று.

நம் பக்கத்துக்கு வந்தால், இலங்கையிலிருந்து எவரும் காரோட்டிக்கொண்டு எல்லை கடப்பதில்லை. இந்தியா, பாகிஸ்தான், வங்காளதேசம், நேபாளம் யாவும் இடப்பக்க நாடுகளே. நம் நாட்டில் மிகுதியாக ஓடும் யப்பானியக் கார்களும் இடப்பக்க நாட்டிலிருந்தே வருவதால், அவற்றின் விளக்கு நம் வீதிக்கு ஒத்ததே. பர்மாவிலோ 1970ஆம் ஆண்டில் வலப்பக்கத்துக்கு மாறினார்கள். பின்னரும் யப்பானிலிருந்து இடப்பக்க வீதிக்குரிய பழைய கார்களை ஆயிரக்கணக்கில் இறக்கி ஓட்டினார்கள். அத்தகைய வீதியில் இரவுப் பயணம் எவ்வாறிருக்கும் என்பதை வாசகரே ஊகித்துக்கொள்ளலாம்.

ஐரோப்பாவில் உள்ள பிள்ளைகளுக்கும் மருமக்களுக்கும் தொலைபேசியிற் பேசும்போது, பெற்றோர் இதனையும் இரண்டொரு வார்த்தையிற் கேட்டு வைக்கலாம். ஜேர்மனியிலிருந்தும் சுவிசிலிருந்தும் இலண்டனுக்கு வருவோருக்கும் இதே விதி, பக்கம் மட்டும் மாறி. ஒட்டுத்தாள் தேவைப்படும் காரானால், கப்பலில் ஏறிய பிறகு அவசரத்தில் அதிக விலை கொடுத்து வாங்காமல் வீட்டிலேயே வாங்கி, விளக்கு ஆறியிருக்கும்போது கண்ணாடியைத் துடைத்து, தாளோடு வரும் படத்திற் காட்டிய இடத்தில் ஒட்ட வேண்டும். இடவிளக்குக்கும் வலவிளக்குக்கும் இடம் வேறுபடுவதுண்டு. ஊர் திரும்பியதும் உரித்துவிட வேண்டும். நெடுநாள் விட்டுவைத்தால், விளக்கின் வெப்பத்தினால் பிளாஸ்ரிக் முகப்புப் பழுதாகும். வீட்டு வீதியின் ஓரமும் இருளும்.

ஒட்டியது சரியா என்று அறிவதற்குக் கருவி ஒன்றும் வேண்டியதில்லை. இரவிலே, சமதரையில், ஒரு வெண்சுவருக்கு 10 மீற்றர் தூரத்திற் காரை நிறுத்தித் தாழ்வொளியை இடுக. மாற்றம் செய்யாத இலண்டன் காரானால் சுவரிலே ஒளியின் மேல்விளிம்பு வலப்பக்கம் மட்டமாகவும் இடப்பக்கம் ஏறியும் தெரியும். யாழ்ப்பாணத்திலே வீட்டு மதிலுக்கு முன் நிறுத்திப் பார்க்கும் மாணவனும் இதே வடிவத்தைக் காண்பான். பாரிசுக்குப் புறப்படும் கார், அவ்விளிம்பு இரு பக்கமும் மட்டமாகவோ, வலப்பக்கம் ஏறியோ தெரிந்த பின்னரே வாயிலைத் தாண்டலாம்.