வீட்டுக்கல்வி: பள்ளியை விட்ட பிள்ளை படிப்பை விட்டுவிடக் கூடாது

பதின்பருவத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்கும் குடும்பங்களை நம் சமுதாயத்தில் ஆங்காங்கே காண்கிறோம். இதற்குக் காரணங்கள் பல. ஏழாம் வகுப்போடு ஹிஃப்ளு மதரஸாவில் சேர்க்கப்பட்ட மகன், மூன்று ஆண்டுகள் கழித்து ஹாஃபிழாக வீடு திரும்பும்போது அவனுடைய வயதையொத்தவர்கள் பத்தாம் வகுப்பில் இருக்கிறார்கள். வளைகுடாவில் தகப்பனாரின் வேலை போய்விட, கல்வியாண்டின் நடுவே ஒரு குடும்பம் ஊர் வந்து சேர்கிறது. நீண்ட நாள் நோயினால் ஒரு பிள்ளை பள்ளிக்குச் செல்ல இயலாமல் போகிறது. பள்ளியின் சூழல் குறித்த கவலையால் சில பெற்றோர் தாமாகவே இம்முடிவை எடுக்கின்றனர்.

இக்காரணங்களில் எதையும் நாம் குறை சொல்ல வரவில்லை. வீட்டில் கற்பிப்பது நமக்குப் புதியதும் அன்று. வீட்டுத் திண்ணையிலும் உஸ்தாதின் இல்லத்திலும் அமர்ந்து ஓதிய தலைமுறைகளின் வழிவந்தவர்கள் நாம். ஆயினும் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டியுள்ளது. பள்ளியை விடுவது ஒன்று. படிப்பை விடுவது வேறொன்று. முதலாவதைச் செய்யும் குடும்பம் இரண்டாவதில் போய் விழாமல் இருக்க மூன்று கேள்விகளுக்கு விடை வைத்திருக்க வேண்டும். பிள்ளை எங்கே பதிவு செய்யப்பட்டுள்ளது? தேர்வு எந்த மாதம்? இன்று எந்தப் பாடம் படிக்கப்பட்டது? இம்மூன்றுக்கும் விடை இருந்தால் அது வீட்டுக்கல்வி. விடை இல்லையேல், எவ்வளவு அழகிய பெயரிட்டு அழைத்தாலும் அது இடைநிற்றலே.

பெண்பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. பருவமடைந்த மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டு, கேட்பவர்களிடம் "வீட்டிலேயே படிக்கிறாள்" என்று சொல்லும் வழக்கம் இன்னும் முற்றிலும் மறையவில்லை. அவளுக்குப் பாடநூலும் இல்லை, தேர்வும் இல்லை. அடுக்களையும் வரன் பார்க்கும் பேச்சும் மட்டுமே இருக்கின்றன. கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பற்றியே பேசுகிறது. பதினைந்து வயதுப் பெண் வீட்டில் முடங்கினால் அச்சட்டம் அவளுக்காகக் கதவைத் தட்டாது. அந்த அமானிதத்தைப் பற்றிய கேள்வி பெற்றோராகிய நம்மிடம்தான் கேட்கப்படும். வாணியம்பாடியில் 1919ஆம் ஆண்டிலேயே கல்லூரி கண்ட சமுதாயம் இது. கீழக்கரையில் 1988இல் பெண்களுக்கென்றே தாசிம் பீவி அப்துல் காதர் கல்லூரியை எழுப்பிய சமுதாயம் இது. அக்கல்லூரிகளின் வாசலை மிதிக்கப் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் வேண்டும் என்பதை மறந்துவிடலாகாது.

இழப்புகளையும் முன்கூட்டியே கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் 6 முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் பயின்ற மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. மறு ஆண்டு பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் அது விரிந்தது. உயர்கல்வி பயிலும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டத்தைப் பெறவும் 6 முதல் 12 வரையிலான பள்ளிப்படிப்பே அளவுகோல். அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பு படிக்கும் மகளை வீட்டில் நிறுத்தும் குடும்பம் இவ்விரண்டையும் அவளுக்கு இல்லாமல் ஆக்குகிறது. தக்க காரணம் இருந்தால் அந்த இழப்பை ஏற்கலாம். அறியாமலே இழந்துவிட்டுப் பின்னர் கைசேதப்படுவது முறையன்று.

பதிவுக்கு இரண்டு வழிகள்

முதலாவது, 1989இல் தொடங்கப்பட்ட தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம். என்.ஐ.ஓ.எஸ். என்ற சுருக்கப் பெயரே பலருக்கும் பழக்கம். 14 வயது நிரம்பியவர்கள் பத்தாம் வகுப்புக்கு நிகரான இடைநிலைப் படிப்பிலும், 15 வயது நிரம்பிப் பத்தாம் வகுப்பு தேறியவர்கள் மேல்நிலைப் படிப்பிலும் சேரலாம். மொழிப்பாடம் உட்பட ஐந்து பாடங்களில் தேற வேண்டும். பொதுத்தேர்வு ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரல்-மே மாதங்களிலும் அக்டோபர்-நவம்பர் மாதங்களிலும் நடைபெறுகிறது. ஒருமுறை பதிந்தால் ஐந்தாண்டுகளுக்குள் ஒன்பது வாய்ப்புகள் கிடைக்கும். ஐந்து பாடங்களையும் ஒரே அமர்வில் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. இடைநிலைப் பாடங்களில் அரபு மொழியும் ஒன்று. ஹிஃப்ளு முடித்து வரும் பிள்ளைக்கு இந்த ஏற்பாடு பெரிதும் பொருந்தும். முதல் அமர்வில் அரபு, தமிழ் என இரண்டு பாடங்கள். அடுத்த அமர்வில் கணிதம், அறிவியல், சமூக அறிவியல் என்று சுமையைப் பிரித்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, தமிழ்நாடு அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் தேர்வைத் தனித்தேர்வராக எழுதுவது. பத்தாம் வகுப்புக்குப் பதினான்கரை வயது நிரம்பியிருக்க வேண்டும். அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே பெயர் பதிந்து, ஒதுக்கப்படும் பள்ளிக்குச் சென்று பயிற்சி பெற வேண்டும். இதை அறியாமல் தேர்வு நெருங்கும்போது விண்ணப்பிக்க ஓடுவதால் ஓராண்டே வீணாகிவிடும். மாநிலப் பாடத்திட்டத்தில் தமிழ் வழியில் படித்துக்கொண்டிருந்த பிள்ளைக்கு இவ்வழி எளிது. பாடநூலும் பழையதே, கேள்வித்தாளின் போக்கும் பழகியதே.

எவ்வழியைத் தேர்ந்தாலும், பிள்ளை பின்னர் சேர விரும்பும் கல்லூரியிலும் படிப்பிலும் அச்சான்றிதழ் ஏற்கப்படுமா என்பதை இப்போதே நேரில் கேட்டுத் தெளிவது நலம். தமிழ்ப் பாடத்தை மட்டும் எக்காரணத்தாலும் விட்டுவிட வேண்டாம். தமிழ்நாடு அரசுப் பணித் தேர்வுகளில் தமிழ்மொழித் தகுதித் தாளில் 40 விழுக்காடு பெறாதவரின் மற்ற விடைத்தாள்கள் கணக்கில் கொள்ளப்படுவதில்லை. வளைகுடாவில் வளர்ந்து தமிழ் எழுதத் தடுமாறும் பிள்ளைகளின் பெற்றோர் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

கைக்கெட்டும் தூரத்தில் உள்ளவை

வீட்டுக்கல்விக்குப் பெருஞ்செலவாகும் என்ற எண்ணம் தவறு. தமிழ்நாடு அரசின் பாடநூல்களும் என்.சி.இ.ஆர்.டி. பாடநூல்களும் இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் அச்சிடப்பட்டுள்ள க்யூ.ஆர். குறியீட்டைக் கைப்பேசியில் காட்டினால் அந்தப் பாடத்துக்கான காணொளி திறக்கும். 2019இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியின் பாடங்களும் உள்ளன. ஊர்தோறும் கிளை நூலகம் இருக்கிறது. சென்னையில் இருப்போருக்கு அண்ணா நூற்றாண்டு நூலகமும், மதுரைப் பக்கத்தில் இருப்போருக்கு 2023இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகமும் உண்டு. மாதம் ஒருநாள் பிள்ளையை அங்கே அழைத்துச் சென்று உட்கார வைத்தாலே போதும். படிக்கும் மனிதர்களைப் பார்ப்பதும் ஒரு பாடம்தான்.

உண்மையில், இன்று பொருள் குறைவாக இருப்பதைவிட மிகுதியாக இருப்பதுதான் சிக்கல். ஒரு பாடத்துக்குப் பத்துக் காணொளிகள், ஐந்து செயலிகள், மூன்று வழிகாட்டிகள் என்று திரட்டிவைத்துவிட்டு எதையும் முடிக்காத பிள்ளைகள் உள்ளனர். ஒரு பாடத்துக்கு ஒரு பாடநூல், ஒரு பயிற்சிக் குறிப்பேடு, புரியாத இடத்தில் மட்டும் ஒரு காணொளி என்று வரம்பு கட்டுவதே நம் பரிந்துரை. கைப்பேசி கூடத்தில், எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்கட்டும்.

ஐவேளைத் தொழுகையே நாளின் சட்டகம்

பள்ளி மணி அடிக்காத வீட்டில் நாள் எப்படியோ கரைந்துபோகும். பிள்ளை பத்து மணிக்கு எழும். பதினொரு மணிக்குப் புத்தகம் திறக்கும். பன்னிரண்டு மணிக்குச் சலிப்பு வரும். இதற்கு மருந்தாக வெளியிலிருந்து ஓர் அட்டவணையைக் கொண்டுவர வேண்டியதில்லை. தொழுகை நேரங்கள் நம் நாளை ஏற்கெனவே பகுத்துத் தந்துள்ளன.

சுப்ஹுக்குப் பின் ஒரு மணி நேரம் குர்ஆன் ஓதலும், ஹாஃபிழ் பிள்ளையாயின் பழைய பாடத்தைத் திரும்ப ஓதுதலும். அதிகாலையில் தம் உம்மத்துக்கு பரக்கத் வேண்டி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் துஆச் செய்திருக்கிறார்கள். அந்த நேரத்தைப் போர்வைக்குள் கழிப்பது பெரும் இழப்பு. பசியாறியபின் எட்டரை முதல் பதினொன்றரை வரை கடினமான இரண்டு பாடங்கள். லுஹருக்கும் பகலுணவுக்கும் பின் சற்றே கைலூலா உறக்கம். அதன்பின் ஒரு மணி நேரம் மொழிப்பாடமோ எழுத்து வேலையோ. அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே விளையாட்டும் நண்பர்களும். இதை ஒருநாளும் வெட்டக் கூடாது. வீட்டில் படிக்கும் பிள்ளைக்குத் தோழமை தானாக வாய்ப்பதில்லை. பெண்பிள்ளைக்கும் இந்த நேரம் அவளுடைய தோழியருக்கு உரியது, சமையற்கட்டுக்கு உரியதன்று. மஃரிபுக்குப் பின் அன்றைய பாடத்தைப் பெற்றோரிடம் சொல்லிக் காட்டுதல். இஷா முடிந்து ஒன்பதரைக்குள் படுக்கை. இரவில் ஏழரை மணி நேரம், பகலில் அரை மணி நேரம் என எட்டு மணி நேர உறக்கம் கிடைக்கிறது. பதின்பருவ உடல் அதைக் கட்டாயம் கேட்கும். இஷாவுக்குப் பின் நள்ளிரவுவரை விழித்திருக்கும் வீட்டில் பிள்ளையை மட்டும் சுப்ஹுக்கு எழுப்ப முயல்வது நடக்காத காரியம். வீடு முழுவதும் சேர்ந்து உறங்க வேண்டும்.

கூட்டிப் பார்த்தால் பள்ளிப்பாடத்துக்கு நாளொன்றுக்கு நான்கு மணி நேரமே வருகிறது. ஒருவருக்கு ஒருவர் அமர்ந்து கற்கும்போது அது போதுமானது. நாற்பது பேர் அமரும் வகுப்பில் வருகைப்பதிவிலும் அமைதிப்படுத்துவதிலும் கழியும் நேரம் இங்கே மிச்சமாகிறது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்காக அரைநாள். ரமலானில் பாடச்சுமை பாதி. முதல் மாதம் தடுமாற்றம் இருக்கவே செய்யும். நான்கு மணி நேரம் கைகூடாவிட்டால் இரண்டில் தொடங்கலாம். குறைவாயினும் நிலையாகச் செய்யப்படும் அமலே அல்லாஹ்வுக்கு மிக உவப்பானது என்று கற்றவர்கள் நாம். படிப்புக்கும் அதுவே நெறி.

சுமை ஒருவர் தலையில் விழலாகாது

வீட்டுக்கல்வி என்றதும் எல்லாம் தாயின் பொறுப்பாகிவிடுகிறது. சமையல், சிறுபிள்ளைகள், மாமியார் மாமனார் பணிவிடை, இவற்றோடு பத்தாம் வகுப்புக் கணிதமும் அவர் தலையில் ஏறுகிறது. தகப்பனார் துபாயிலோ ஜித்தாவிலோ இருந்தாலும் ஒரு பாடத்தை ஏற்கலாம். காணொளி அழைப்பில் நலம் விசாரிக்கும் இருபது நிமிடத்தோடு இன்னும் இருபது நிமிடம் சேர்த்து, "இன்று ஆங்கிலத்தில் என்ன எழுதினாய், வாசித்துக் காட்டு" என்று கேட்கலாம். அது அப்பிள்ளைக்குத் தகப்பனாரின் அருகாமையும் ஆகும்.

பிள்ளையையும் கலந்தாலோசனையில் சேர்க்க வேண்டும். மஷூரா என்பது பள்ளிவாசல் நிர்வாகத்துக்கு மட்டும் உரியதன்று. ஹிஜ்ரத்தின்போது பதினொரு வயதுச் சிறுவராக இருந்தவர் ஸைத் பின் ஸாபித் (ரலி). யூதர்களின் எழுத்தைக் கற்குமாறு பெருமானார் (ஸல்) அவருக்குப் பணித்தார்கள். அவர் அரை மாதத்துக்குள் அதைக் கற்றுத் தேர்ந்ததாக அவரே அறிவிக்கிறார். எதற்காகக் கற்கிறோம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அப்பொறுப்பை நம்பி அவரிடம் ஒப்படைத்தவர்கள் இருந்தார்கள். நம் பிள்ளைகளிடம் பாடத்தின் பெயரைச் சொல்கிறோம்; நோக்கத்தைச் சொல்ல மறந்துவிடுகிறோம். எந்தப் பாடம் முதலில், எந்த அமர்வில் எந்தத் தேர்வு என்பதைப் பிள்ளையே முடிவுசெய்து ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டட்டும். தானே எழுதியதை மீறப் பிள்ளை தயங்கும்.

ஜமாஅத்துகளுக்கும் இதில் பங்குண்டு. ஒவ்வொரு மஹல்லாவிலும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவராவது இருப்பார். பட்டம் பெற்று வீட்டில் இருக்கும் பெண்கள் பலர் இருப்பார்கள். காலையில் மக்தப் முடிந்தபின் மதரஸாக் கட்டடம் மாலைவரை பூட்டிக் கிடக்கிறது. அதைத் திறந்து, மின்விசிறியைச் சுழலவிட்டு, வீட்டில் படிக்கும் ஐந்தாறு பிள்ளைகளை வாரம் மூன்று நாள் ஒன்றாக உட்காரவைக்க யாரிடமும் நிதி திரட்ட வேண்டியதில்லை. பெண்பிள்ளைகளுக்குத் தனி நேரம் ஒதுக்கலாம். திருமணப் பதிவேடும் மையித்துப் பதிவேடும் வைத்திருக்கும் ஜமாஅத், பள்ளிக்குச் செல்லாத பதின்பருவத்துப் பிள்ளைகளின் பெயர்களையும் ஒரு ஏட்டில் எழுதிவைக்கட்டும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இரண்டு கட்டங்கள் போதும்: எங்கே பதிவு, எப்போது தேர்வு. காலியாக இருக்கும் கட்டத்தைப் பார்த்து அந்த வீட்டுக்கு ஒருவர் சென்று விசாரித்தால், ஒரு பிள்ளையின் படிப்பு காப்பாற்றப்படலாம்.

நம் பிள்ளைகளின் நேரத்தில் வல்ல அல்லாஹ் பரக்கத் செய்வானாக. தீனும் துன்யாவும் ஒருங்கே சிறக்கும் கல்வியை அவர்களுக்கு அருள்வானாக. ஆமீன்.