ஒரு தகடும் பல கரங்களும்

சென்ற திங்கள் ஓர் இளைஞர் என் இல்லம் வந்தார். வாழைச்சேனைக் களப்பில் வலை வீசும் தோணி ஒன்றை லினோலியத்திற் செதுக்கி, மையிட்டுத் தாளில் ஒற்றி எடுத்த படம் அவர் கையில் இருந்தது. வலையின் இழைகள் வெள்ளைக் கீறல்களாய் மின்னின. வியந்து நோக்கிய நான், “தம்பி, இதன் மூலப்படம் எங்கே?” என்று கேட்டுவிட்டேன். “இதுதான் மூலம், ஐயா. இதைப் போல இன்னும் ஒன்பது மூலங்கள் வீட்டில் இருக்கின்றன” என்றார். நாணினேன்.

தூரிகையால் தீட்டியதே கலை, அச்சில் வந்தது நகல் என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. தீட்டி முடித்த ஓவியத்தைப் புகைப்படமாக்கி அச்சிடுவது நகல்தான், ஐயமில்லை. ஆனால் செதுக்கோவியனுக்கு முன்னரே முடிந்த படம் ஏதுமில்லை. தகட்டில் இருப்பது இடமும் வலமும் மாறிய பள்ளமும் மேடும். அவன் கருதிய படம் தாள்மீதுதான் முதன்முதலாகப் பிறக்கிறது.

இக்கலையை உலகறிய உயர்த்தியவருள் ஒருவர் நம் அயலவர். ஆந்திரத்துச் சித்தூர்ப் பகுதியில் 1925-இல் பிறந்த கிருஷ்ணா ரெட்டி சாந்திநிகேதனத்தில் பயின்று, சென்னைக் கலாக்ஷேத்திராவில் ஓவியம் கற்பித்து, இலண்டன் வழியாகப் பாரிஸ் சென்றார். அங்கே வில்லியம் ஹேய்ட்டர் நடத்திய ‘அத்தெலியே 17’ என்னும் பட்டறை, பிக்காசோவும் மீரோவும் பணிபுரிந்த இடம். ஆங்கு ஹேய்ட்டரும் ரெட்டியும் பம்பாயைச் சேர்ந்த கைக்கோ மோத்தியும் கூடி ஆராய்ந்தனர். எண்ணெய் மிகுந்த மை, கெட்டியான மையைத் தன்மேல் ஒட்டவிடாது. இவ்வியல்பைப் பற்றிக்கொண்டு, தகட்டின் மேட்டிற்கு வன்மையான உருளையாலும் பள்ளத்திற்கு மென்மையான உருளையாலும் வெவ்வேறு மைகளை ஏற்றினர். நிறத்திற்கொரு தகடு வேண்டிய நிலை மாறி, ஒரே தகட்டில் ஒரே அழுத்தத்தில் பல நிறங்கள் மலர்ந்தன. ரெட்டியின் 1963-ஆம் ஆண்டு ‘நீர்ச்சுழி’ அதற்குச் சான்று. 2018-இல் மறையும் வரை அவர் அறிந்ததை ஒளிக்காமல் பிறர்க்குக் கற்பித்தார்.

“கலை தனிமையின் குழந்தையன்றோ? கூட்டுவேலையில் கலைஞனின் தனித்தன்மை கரையாதோ?” எனச் சிலர் வினவுவர். கரையாது. ஒரே பட்டறையில் உழைத்த ஹேய்ட்டரின் கோடு வேறு, ரெட்டியின் சுழி வேறு. மட்டக்களப்பார்க்கு இதை விளக்கவும் வேண்டுமோ? அண்ணாவியாரும் மத்தளமும் பிற்பாட்டும் ஆடுவோரும் கூடியே கூத்துக் களரி ஏறுகிறது. எனினும் நல்ல ஆட்டக்காரனை ஊர் பெயர் சொல்லியே அறிகிறது.

நம் வாழைச்சேனை கடதாசியால் பெயர்பெற்ற ஊர். வயலில் எஞ்சிய வைக்கோலைத் தாளாக்கியது இங்குள்ள ஆலை. தாள் செய்த ஊரில் தாளை நம்பி வாழும் கலைக்கு ஓரிடம் இல்லாதிருப்பது முறையோ? கல்லடியில் விபுலாநந்தர் பெயர் தாங்கும் அழகியற் கற்கைகள் நிறுவகத்திற் கட்புலக் கலை பயின்று ஊர் திரும்பும் பிள்ளைகள், கற்றதைச் செய்ய அழுத்து எந்திரத்திற்கு எங்கே போவர்? அது தனியொருவரால் வாங்கத்தக்க விலையினதன்று, தனியொருவருக்குத் தேவையானதுமன்று. ஊர் நூலகத்தோடு ஓர் அறையும் ஓர் எந்திரமும் பொதுவாக அமையின் பத்துப் பேர் முறைவைத்து உழைக்கலாம். படம் பத்தாகப் பிறப்பதால் விலையும் எளிதாகும். ஆசிரியர் வீட்டுச் சுவரிலும் மீனவர் வீட்டுச் சுவரிலும் மூலப்படமே தொங்கும்.

அந்தத் தோணிப் படம் இப்போது என் மேசையின் எதிரே தொங்குகிறது. அதை ஒற்றி எடுக்க அவ்விளைஞர் பயன்படுத்திய கருவி, தம் தாயாரின் சமையலறை அகப்பை.