சர்க்கரை குறைந்ததும் நடையை நிறுத்தலாமா?

இரத்தச் சர்க்கரை சீரானதும் மாத்திரையைத் தொடர்வோர் பலர். நடைப்பயிற்சியைத் தொடர்வோர் சிலரே. "அளவு குறைந்துவிட்டதே, இனி எதற்கு நடை?" என்னும் எண்ணம் பொம்மிடி வட்டாரத்திலிருந்து நம் மருத்துவமனைக்கு வருவோரிடமும் உண்டு. இது சரியன்று என்பதே என் கருத்து. அதற்கான காரணங்களுள் ஒன்று நம் குடலில் இருக்கிறது.

பெருங்குடலில் கோடானுகோடி நுண்ணுயிரிகள் வாழ்கின்றன. நாம் உண்ணும் நார்ச்சத்தை நொதிக்கச் செய்து, பியூட்டிரேட் போன்ற கொழுப்பு அமிலங்களை அவை உருவாக்குகின்றன. இவை குடலின் உட்சுவருக்கு ஆற்றல் தருகின்றன. அழற்சியைத் தணிக்கவும், இன்சுலின் நன்கு செயல்படவும் துணைபுரிகின்றன. நீடித்த அழற்சியும் இன்சுலின் செயற்குறைவும் இதய இரத்தக் குழாய்களுக்குக் கேடு விளைவிப்பவை.

அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். உடற்பயிற்சிப் பழக்கம் இல்லாத 32 பேர், வாரம் 3 நாள் வீதம் 6 வாரங்கள் பயிற்சி செய்தனர். பியூட்டிரேட்டை உருவாக்கும் நுண்ணுயிரிகள் பெருகின. உடற்பருமன் இல்லாதோரிடம் இம்மாற்றம் கூடுதலாக இருந்தது. பயிற்சியை நிறுத்திய 6 வாரங்களில் அம்மாற்றங்கள் பெரும்பாலும் மறைந்தன. சிறிய ஆய்வே எனினும், அது உணர்த்தும் பாடம் தெளிவானது: நடையின் பயனைச் சேமித்து வைக்க இயலாது.

நம் மாநிலத்திலும் சான்று உண்டு. சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர், நீரிழிவின் முந்தைய நிலையில் இருந்த 531 பேரிடம் நடத்திய ஆய்வு 2006இல் வெளிவந்தது. உணவு ஒழுங்கும் உடலுழைப்பும் நீரிழிவு வரும் வாய்ப்பை ஏறத்தாழ 28 விழுக்காடு குறைத்தன. மெட்ஃபார்மின் மாத்திரையின் பயனும் ஏறக்குறைய அவ்வளவே. இதனால் மாத்திரையைக் கைவிடலாம் என்று பொருளன்று. நடையும் மருந்தே என்று பொருள்.

குடல்நலத்திற்கென விற்கப்படும் விலையுயர்ந்த பொடிகள் நடைக்கு மாற்றாகா. நம் மாவட்டத்தில் விளையும் சாமை, கேழ்வரகு, அவரை, கீரை ஆகியவற்றிலேயே நார்ச்சத்து உள்ளது. களியானாலும் அளவோடு உண்க.

நாளொன்றுக்கு 30 நிமிடம், வாரத்தில் 5 நாள் நடந்தால் போதும். உணவுக்குப்பின் பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்தும் நடக்கலாம். மாரடைப்புக்குச் சிகிச்சை பெற்றோர் மருத்துவரைக் கேட்டபின் தொடங்குக. இன்சுலின் போடுவோர் கையில் சிறிது சர்க்கரை வைத்திருக்கவும். பாதம் மரத்தவர்கள் வெறுங்காலுடன் நடக்கலாகாது. நெஞ்சு வலித்தால் உடனே நின்று மருத்துவ உதவி பெறுக.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள்: "நடங்கள்" என்று சொல்வதோடு நில்லாமல் உடன் நடந்து செல்லுங்கள். அடுத்த முறை வரும்போது, மாத்திரைச் சீட்டுடன் வாரத்தில் எத்தனை நாள் நடந்தீர்கள் என்னும் கணக்கையும் கொண்டுவாருங்கள்.